டொமைன் வாங்கி விற்பது: ஏலத்திலிருந்து எஸ்க்ரோ வரை

டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், வாங்கி விற்கும் தொழிலில் விற்காத சரக்குக்கும் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் என்ற வாடகை கட்டியாக வேண்டும். அதனால் பெயர் தேட உட்காரும் முன்பே நான் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவேன். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன், ரெஜிஸ்ட்ரார்களிடம் (நமக்குப் பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனங்களிடம்) வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. நம் கைக்கு வரும்போது ஏறத்தாழ 11 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சுமாரான பெயர்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ ஓராண்டில் விற்றால் போதும் என்பதுதான் இத்தொழிலில் இருப்பவர்களின் பொதுவான எதிர்பார்ப்பு. சராசரி விற்பனை விலை 1,500 டாலர், கமிஷன் 20 சதவீதம் என்றால் கையில் நிற்பது 1,200. நூற்றுக்கு ஒன்று விற்கும் கணக்கில் ஒரு பெயர் ஆண்டுக்கு ஈட்டுவது 12 டாலர். புதுப்பிப்புப் போக மிச்சம் ஒரே ஒரு டாலர். அந்தப் பெயரை 60 டாலருக்கு ஏலம் எடுத்திருந்தால் முதல் திரும்ப அறுபது ஆண்டு ஆகும். நூற்றுக்கு இரண்டு விற்றால் மிச்சம் 13 டாலர், ஐந்து ஆண்டுக்குள் முதல் வந்துவிடும். லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவே இவ்வளவு சின்ன இடைவெளிதான். "விலை கம்மிதானே, கிடக்கட்டும்" என்று வாங்கிச் சேர்க்கும் பெயர்கள்தான் பெரும்பாலும் பணத்தை விழுங்குகின்றன.

பெயர் கிடைக்கும் வழிகள் நான்கு: புதிதாகப் பதிவு செய்வது, காலாவதி ஏலம், முழுமையாக விடுபட்ட பெயரைப் பிடிப்பது, உரிமையாளரிடமே நேரடியாக வாங்குவது. புதிதாகப் பதிவு செய்ய நல்ல டாட் காம் இப்போது அரிதாகவே சிக்கும். காலாவதி ஏலத்தில்தான் சரக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு டொமைனின் கடைசி நாட்கள் தெரிந்திருக்க வேண்டும். காலாவதி தேதிக்குப் பிறகு 45 நாள் வரை சலுகைக் காலம் ஓடும். ரெஜிஸ்ட்ரார் அதற்குள் பெயரை நீக்கினால் 30 நாள் மீட்புக் காலம். அதில் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டித் திரும்பப் பெறலாம். பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது. அதற்கப்புறம்தான் பெயர் பொதுவெளிக்கு வரும். ஆனால் கொஞ்சம் மதிப்புள்ள பெயர் அந்தக் கடைசிப் படிவரை வருவதே குறைவு. பெரிய ரெஜிஸ்ட்ரார்கள் சலுகைக் காலத்துக்குள்ளேயே தங்கள் கூட்டாளி ஏலத்தளத்தில் அதை விற்றுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு வழிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஏலத்தில் எடுத்த பெயருக்குப் பழைய பதிவுத் தேதி அப்படியே தொடரும். முழுமையாக விடுபட்டுப் பிடித்த பெயருக்கு வயது பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஏலத்தில் வென்றாலும் சலுகைக் காலம் முடியும்வரை பழைய உரிமையாளர் புதுப்பித்துவிடலாம். அப்படி நடந்தால் நம் பணம் திரும்பும், பெயர் வராது. பெயர் நம் கணக்கில் தெரியும்வரை அதற்கு லோகோ செய்வதோ வாங்குபவரிடம் பேசுவதோ கூடாது.

ஏலம் கேட்கும் முன் சரிபார்ப்பு. அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான். முதலில், தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பெயரைப் போட்டு ஆண்டு வாரியாகப் பார்ப்பேன். நல்ல வரலாறு எப்படி இருக்கும் என்றால், ஒரே நிறுவனத்தின் பக்கம் பல ஆண்டு தொடர்ந்து வந்து, பிறகு நின்றுபோயிருக்கும். கெட்டதற்கும் அடையாளம் உண்டு: சில ஆண்டு ஒரு பல் மருத்துவரின் தளம், நடுவே இடைவெளி, திடீரென்று சம்பந்தமே இல்லாத மொழியில் சூதாட்டப் பக்கம், அப்புறம் விளம்பரம் மட்டும் உள்ள வெறும் பார்க்கிங் பக்கம். நடுவில் சேமித்த ஒரே ஒரு பக்கம் அப்படி இருந்தாலும் அந்தப் பெயருக்கு மற்ற தளங்களிலிருந்து வந்திருக்கும் இணைப்புகளான பேக்லிங்க்குகளைத் திறந்து, எந்தச் சொற்களில் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும். மருந்து, சூதாட்டம், போலிக் கைப்பை என்று வந்தால் அதோடு விட்டுவிடலாம். மின்னஞ்சல் கறுப்புப் பட்டியல்களிலும் ஒருமுறை தேடுங்கள். வாங்குகிற நிறுவனத்தின் கடிதமெல்லாம் ஸ்பேமில் விழும் பெயரை யாருக்கும் விற்க முடியாது.

அடுத்தது வர்த்தகக் குறி. அறிவுசார் சொத்துக்கான உலக அமைப்பான வைப்போ நடத்தும் உலக பிராண்ட் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற தகராறு விதிப்படி, புகார் கொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் தன் குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். வைப்போவில் ஒரு நடுவர் வைத்து, 5 பெயர் வரைக்குமான புகார்க் கட்டணம் 1,500 டாலர். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பதில் சொல்ல நமக்குக் கிடைப்பது 20 நாள், வழக்கு முடியும்வரை பெயர் பூட்டப்பட்டிருக்கும். குறியின் உரிமையாளரிடமே "உங்கள் பெயர் என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கடிதம் எழுதினால், அந்தக் கடிதமே கெட்ட நோக்கத்துக்குச் சாட்சியாகும். அகராதிச் சொற்களும், பல நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் இருசொல் சேர்க்கைகளும் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாட் காமை விட்டு வெளியே போனால் விதிகள் மாறும். புதிய பின்னொட்டுகளில் சில பெயர்களுக்குப் புதுப்பிப்பே பிரீமியம் விலை. வாங்கும் பக்கத்தில் முதலாண்டு விலை மட்டும் பெரிதாகத் தெரியும், இரண்டாம் ஆண்டு விலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். டாட் ஏஐ என்பது அங்குவிலாவின் நாட்டுக் குறியீடு. குறைந்தது 2 ஆண்டுக்குத்தான் பதிவு செய்ய முடியும். அதாவது வாடகை இரட்டிப்பாக ஒரே அடியில் போகும்.

பெயர் கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது விற்பனைப் பக்கம். ஒரே பக்கம் போதும்: பெயர், விலை, தொடர்புப் படிவம். அதில் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இருக்கிறதா என்று ஃபோனில் திறந்து பாருங்கள். இன்றைய பிரவுசர்கள் பாதுகாப்பான இணைப்பைத்தான் முதலில் தேடும். சான்றிதழ் இல்லாவிட்டால் எச்சரிக்கை வரலாம், வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அந்த டொமைனுக்கு வரும் எல்லா மின்னஞ்சலையும் வாங்கிக்கொள்ளும்படி வைக்காதீர்கள். பழைய உரிமையாளரின் வாடிக்கையாளர்கள் அனுப்பும் அந்தரங்கக் கடிதங்கள் நம் பெட்டியில் வந்து விழும். அது நம் சொத்து அல்ல.

தளமாக வளர்த்து விற்பது தனி உழைப்பு. எல்லாப் பெயருக்கும் கட்டுப்படியாகாது. தேடலில் ஆள் வரும் துறையாக இருந்து, அதைப் பற்றி உருப்படியாக எழுதவும் நம்மால் முடிந்தால் மட்டுமே இறங்கலாம். பழைய பேக்லிங்க் பலத்தில் தரமில்லாத கட்டுரைகளைக் கொட்டித் தேடலில் மேலே வரும் வழியை கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்துத் தடை செய்தது. பழைய தளம் எந்தத் துறையோ அதே துறையில் புதிய, சொந்த உள்ளடக்கம் வைத்தால் சிக்கல் இல்லை. மருத்துவமனைத் தளமாக இருந்ததில் கேசினோ வைத்தால்தான் பிரச்சினை. வளர்த்த தளத்தை விற்கும்போது வாங்குபவர் கேட்பது வருமானக் கணக்கும் பார்வையாளர் புள்ளிவிவரமும். அதனால் முதல் நாளிலிருந்தே அனலிட்டிக்ஸ் ஓட வேண்டும். பின்னால் போய் அதை உருவாக்க வழியில்லை.

விலை வைக்க, டொமைன் விற்பனைகளைத் தொகுக்கும் நேம்பயோ தளத்தில் ஒத்த பெயர்களின் பழைய விற்பனையைப் பார்ப்பேன். ஆனால் அங்கே இருப்பவை விற்றவை மட்டும். விற்காமல் கைவிடப்பட்டவை எந்தப் பட்டியலிலும் இல்லை. 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனதை வைத்து நம் இருசொல் பெயருக்கு விலை போட முடியாது. நடுத்தரப் பெயர்களுக்கு நேரடி விலை எழுதிவிடுவதே நல்லது. "விலை கேளுங்கள்" என்று மட்டும் போட்டால் அவசரத்தில் வாங்க வந்தவர் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். எல்லாச் சந்தையிலும் ஒரே விலையாக இருக்கட்டும். இரண்டு இடத்தில் இரண்டு விலை வைத்து, இரண்டிலும் ஒரே நாளில் விற்றுப்போனால் ஒருவருக்கு வாக்குத் தவற வேண்டியிருக்கும். ஓராண்டு முழுக்க ஒரு விசாரிப்புகூட வராத பெயரை, இன்று புதிதாகக் கண்டால் 11 டாலர் கொடுத்து வாங்குவேனா என்று பார்த்துத்தான் புதுப்பிக்கிறேன்.

விசாரிப்பு வரும்போது ஒரு மோசடியைக் கவனியுங்கள். நல்ல விலை சொல்வார், உடனே ஒத்துக்கொள்வார், கடைசியில் "இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வாங்கித் தாருங்கள்" என்பார். கட்டணம் கட்டினால் அதோடு ஆளைக் காணோம். அதே போல, வாங்குபவர் அனுப்பும் லிங்க்கை அழுத்தி எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் சேவை) தளத்துக்குப் போகக் கூடாது. முகவரியை நாமே தட்டச்சு செய்ய வேண்டும்.

எஸ்க்ரோவில் வரிசை மாறக் கூடாது. இருவரும் நிபந்தனைக்கு ஒப்புக்கொள்வார்கள்; வாங்குபவர் பணத்தை எஸ்க்ரோவில் கட்டுவார்; பணம் வந்து சேர்ந்தது என்று நம் எஸ்க்ரோ கணக்குக்குள் போய்ப் பார்த்த பிறகே நாம் பெயரை மாற்றுவோம்; அவர் பெற்றுக்கொண்டதை உறுதி செய்ததும் பணம் நமக்கு விடுவிக்கப்படும். இருவருக்கும் ஒரே ரெஜிஸ்ட்ராரில் கணக்கு இருந்தால் பெயரைக் கணக்குக்குக் கணக்கு தள்ளிவிடலாம், பெரும்பாலும் அன்றே முடியும். வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதானால் பரிமாற்றப் பூட்டை எடுத்து, பரிமாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோட் வாங்கித் தர வேண்டும். நம் பக்க ரெஜிஸ்ட்ரார் ஒப்புதலைத் துரிதப்படுத்தாவிட்டால் 5 நாள் ஆகும். புதிதாகப் பதிவு செய்த அல்லது அண்மையில் இடம் மாறிய பெயர் வழக்கமாக 60 நாள் நகராது. உரிமையாளர் விவரத்தைத் திருத்தினாலும் அதே 60 நாள் பூட்டு விழலாம். ஆகவே விற்பனைக்கு நடுவே பெயர், மின்னஞ்சல் எதையும் தொடாதீர்கள். பெயரின் முகவரிப் பதிவுகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் மாற்றத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புதிய நேம்சர்வரில் (பெயரைத் தளத்தோடு இணைக்கும் சர்வரில்) தளம் திறக்காது, கெட்டுப்போன பெயரைத் தலையில் கட்டிவிட்டதாக வாங்கியவர் நினைப்பார்.

பணம் வங்கிக்கு வந்ததும் மற்ற எல்லாச் சந்தையிலிருந்தும் பெயரை நீக்குங்கள். சில ரெஜிஸ்ட்ரார்களின் தேடல் பக்கங்களில் நம் பழைய விலை ஒன்றிரண்டு நாள் அப்படியே நிற்கும். அது மறையும்வரை தினமும் பார்க்க வேண்டும். வாங்கிய ரசீது, எஸ்க்ரோ எண், கடிதப் போக்குவரத்து மூன்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். பின்னாளில் பெயருக்கு யாராவது உரிமை கொண்டாடி வந்தால் முதலில் கேட்கப்படுபவை அவைதான்.