முன்பாரம், பின்பாரம், 5,000 பவுண்டு

எங்கள் டொயோட்டா ஹைலாண்டர் காருக்குப் பின்னால் படுத்துத் தங்கும் டிரெய்லர் ஒன்றைக் கட்டிக்கொண்டு கிராண்ட் கேன்யன் போய்வந்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் போட்டேன், "எங்க காரும் 5,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கு, நாங்களும் ஒண்ணு வாங்கலாமா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் பேசுவதற்கு இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

வாங்கலாம். ஆனால் அந்த 5,000-ஐக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஒரு எண் இருக்கும். எங்கள் 2021 வி6 (ஆறு சிலிண்டர்) வண்டியில் 1,395. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது இந்த எண்தான்.

டிரெய்லரின் மூக்கு காரின் பின்னால் இருக்கும் இணைப்பு இரும்பு, அதாவது ஹிட்ச் மேல் உட்காருகிறது இல்லையா, அந்த அழுத்தத்துக்குப் பெயர் டங் வெயிட். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருக்க வேண்டும். அந்த எடையைக் கார்தான் சுமக்கிறது, அதனால் 1,395-லிருந்து அதையும் கழிக்க வேண்டும். எங்கள் கணக்கு இப்படி: சாமானோடு டிரெய்லர் 3,700, டங் வெயிட் 440, ஹிட்ச் இரும்பு ஒரு 50. மிச்சம் 905. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்ததால் நாங்கள் ஆறு பேர், பிள்ளைகள் இருவரையும் சேர்த்து 735. ஆக காருக்குள் சாமான் வைக்க மிஞ்சியது 170 பவுண்டு. ஐஸ் பெட்டி, இரண்டு பெட்டி, அம்மாவின் முறுக்கு டின். அவ்வளவுதான், முடிந்தது.

5,000 என்பது பொய்யான எண் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்று பார்க்க எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது, டொயோட்டா 2011 மாடல்களிலேயே அதற்கு மாறிவிட்டது. அதில் மலையேற்றத்துக்கு வைத்திருக்கும் சாலை எங்கள் அரிசோனாவில்தான் இருக்கிறது, புல்ஹெட் சிட்டி பக்கத்தில் டேவிஸ் டேம் ஏற்றம், 11.4 மைல். 100 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, 40 மைல் வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் காருக்குள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு என்று வைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். மூன்றாவது ஆள் ஏறும்போதே 5,000 குறைய ஆரம்பித்துவிடுகிறது. அம்மாவின் முறுக்கு டின்னும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

டிரெய்லர் கடையில் இதை யாரும் சொல்லவில்லை. அடுக்குக் கட்டில் வைத்த பெரிய டிரெய்லர் ஒன்றைக் காட்டி, "காலி எடை 4,300தான், உங்க கார் தாராளமா இழுக்கும்" என்றார் விற்பனையாளர். காலி எடை என்பது தொழிற்சாலையை விட்டு வரும்போது இருக்கும் எடை. அதன்மேல் பேட்டரி ஏறும், கேஸ் சிலிண்டர் இரண்டு ஏறும். 40 கேலன் தண்ணீர் நிரப்பினால் அதுவே 333 பவுண்டு. அப்புறம் பாத்திரம், போர்வை, நாற்காலி, அரிசி. 5,000-ஐச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். சாமானெல்லாம் ஏற்றிய பிறகு டிரெய்லர் போகக்கூடிய உச்ச எடையைத்தான் கேட்க வேண்டும், காலி எடையைக் கேட்கவே கேட்காதீர்கள். நாங்கள் காலியில் 3,100 இருக்கும் சின்னதாக ஒன்று, அதுவும் பழையது, வேறு ஒருவரிடம் வாங்கினோம்.

இவ்வளவு கணக்குப் போட்டவன் முதல் பயணத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

சாண்ட்லரிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போக ஐ-17 நெடுஞ்சாலை. சன்செட் பாயிண்ட் வரைக்கும் செங்குத்து ஏற்றம், அதற்கப்புறம் மேட்டுச் சமவெளி, காற்று எப்போதும் பக்கவாட்டில் அடிக்கும். 65 மைலில் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஒரு பெரிய லாரி கடந்து போனது, அது தள்ளிய காற்றில் டிரெய்லர் லேசாக அசைந்தது. சரி, அடங்கிவிடும் என்று பார்த்தால் அடங்கவில்லை, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே வந்து, கண்ணாடியில் டிரெய்லரின் ஒரு பக்கச் சுவர் முழுசாகத் தெரிந்து மறைந்து மறுபடி தெரிந்தது, காரின் பின்பக்கத்தை யாரோ கையால் பிடித்து இழுத்துத் தள்ளுவது போல இருந்தது. அம்மா "முருகா" என்றது மட்டும் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகக்கூடாது. காரை நிறுத்தினால் பின்னால் வரும் பாரம் வந்து முட்டி இன்னும் மோசமாக்கும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அடக்கலாம் என்று நினைப்பதும் தப்பு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை இயக்கக் காருக்குள் பொருத்தும் பிரேக் கண்ட்ரோலரில் கையால் அழுத்தும் ஒரு நெம்பு இருக்கும், அதை மெல்ல அழுத்த வேண்டும். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி டிரெய்லர் நேராகிவிடும். நெம்பு எங்கே இருக்கிறது என்று காலி மைதானத்தில் பத்துத் தடவை, முன்னால் பார்க்கும் கண்ணை எடுக்காமல் தொட்டுப் பழகியிருந்தேன், அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது. எங்கள் காரில் இதற்கான வயரிங் கிடையாது, தனியாகப் பணம் கொடுத்துப் போட்டோம். 3,000 பவுண்டுக்கு மேல் போனால் பெரும்பாலான மாநிலங்களில் டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படியே வேண்டும்.

கார்டஸ் ஜங்ஷனில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கி டிரெய்லரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின் பம்பரில் மூன்று சைக்கிள். பின் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் கேன்கள், 20 பவுண்டு அரிசி மூட்டை, அம்மா அடம்பிடித்து ஏற்றிய கிரைண்டர். வந்து என் பக்கத்தில் நின்று, "பின்பாரம் ஏறிப்போச்சுடா" என்றார்.

அப்பா சின்ன வயதில் நெல் மூட்டை ஏற்றி மாட்டு வண்டி ஓட்டியவர். இரண்டு சக்கர வண்டியில் பாரம் பின்னால் போனால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மாட்டுக்குக் கால் பாவாது. முன்பாரம் கூடினால் கழுத்தில் உட்காரும், ஏற்றத்தில் மாடு முழங்காலிட்டுவிடும். "கொஞ்சம் முன்பாரமா வச்சு ஏத்தணும், மூக்கைத் தூக்கிப் பார்த்தா கனம் தெரியணும்." நான் இரண்டு வாரம் யூடியூபில் படித்த டங் வெயிட் மொத்தமும் இதுதான்.

அங்கேயே சாமானை எல்லாம் இறக்கி, கனமானதை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தரையோடு வைத்து ஏற்றினோம். சைக்கிள்களை உள்ளே நடுவில் படுக்க வைத்தோம். திரும்பி வந்த பிறகு டிரக் ஸ்டாப்பில் லாரிகளை எடை போட வைத்திருக்கும் கேட் ஸ்கேலில் எடை போட்டேன், சில டாலர்தான். டிரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டுக் காரை மட்டும் ஒரு தடவை. காரின் இரண்டு அச்சிலும் கூடின எடைதான் டங் வெயிட். ஆர்வத்தில் பழைய மாதிரியே பின்னால் ஏற்றியும் போட்டுப் பார்த்தேன்: 260, அதாவது 7 சதவீதம். அப்பா ஏற்றிய மாதிரி வைத்தால் 440, கிட்டத்தட்ட 12.

ஆட்டத்தைக் குறைக்கும் ஹிட்ச், எடையைப் பரப்பும் ஹிட்ச் என்று நிறைய விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் காரின் கையேட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், சில கம்பெனிகள் வேண்டாம் என்கின்றன. எதை வாங்கினாலும் பின்பாரத்துக்கு அது மருந்து இல்லை.

மற்றதெல்லாம் பொறுமைதான். ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி, டர்போ இல்லாத என்ஜினுக்கு அந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும், லாரிகளோடு லாரியாக வலது ஓரத்தில் 45-ல் ஏறுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இறக்கம்தான் ஆபத்து. திரும்பும்போது கேம்ப் வெர்டிக்கு இறங்கும் சாலையில் பிரேக் போன லாரிகளுக்கென்றே ஓரத்தில் தனிப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்க ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்து என்ஜினே பிடிக்கும்படி விட்டேன், பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட்டேன். டிரெய்லர் டயர்களில் பல 65 மைலுக்கு மேல் தாங்காது, நான் அந்த லாரி சம்பவத்துக்கப்புறம் 60-ஐத் தாண்டுவதில்லை. மைலேஜ் பாதியாகும், அதைப் பற்றி அழுது பயனில்லை.

கிராண்ட் கேன்யன் அதற்கடுத்த பயணம். அங்கே மேதர் கேம்ப்கிரவுண்டில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்த கதையை முழுதாகச் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும், இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தேன். பக்கத்துக் கூடாரத்து அமெரிக்கர் காபிக் கோப்பையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா பின்னால் நின்று துண்டை வீசி, "ஒடி, ஒடி, நல்லா ஒடி, இப்ப நேரா வா" என்று கத்த, ஐந்தாவது தடவையில் உள்ளே போனது. அமெரிக்கர் கைதட்டினார். அம்மா கிரைண்டருக்கு எங்கே கரண்ட் என்று கேட்டாள். மேதரில் கரண்ட் கனெக்ஷன் கிடையாது என்பதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.