முப்பத்துமூன்றுக்கு முப்பத்துமூன்று: மன்ஸ்டர் ஹர்லிங், 2025

கூடலூரில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்தில், அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் இறுதிப் போட்டியை நானும் தம்பியும் இரவு வெகுநேரம் கண்விழித்துப் பார்த்தோம். ஆஷ் மரத்தில் செய்த மட்டையால் தோல்பந்தை அடிக்கும் ஆட்டம் இது. பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் விழுந்தால் கோல், அதற்கு 3 புள்ளிகள்.

கார்க், கிளேர், லிமரிக், டிப்பரரி, வாட்டர்ஃபோர்டு ஆகிய ஐந்து அணிகளும் ஒன்றோடொன்று மோதி, முதல் இரண்டு அணிகள் இறுதிக்குச் செல்லும் இந்த முறை 2018-இல் வந்தது. ஆளுக்கு நான்கே ஆட்டங்கள் என்பதால், இதைவிடக் கடுமையான தொடரை நான் கண்டதில்லை.

2019 முதல் 2024 வரை தொடர்ந்து ஆறு முறை பட்டம் வென்ற லிமரிக், மே மாதம் சொந்த மண்ணில் கார்க்கை 16 புள்ளிகள் வித்தியாசத்தில் நொறுக்கியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதே மைதானத்தில் இறுதிப் போட்டி. கூடுதல் நேரமும் முடிந்தபோது கார்க் 1-30, லிமரிக் 2-27 (முதல் எண் கோல், அடுத்தது 1 புள்ளி அடிகள்). கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் 33. பிறகு பெனால்டி: 20 மீட்டர் கோட்டில் கிடக்கும் பந்தை மட்டை நுனியால் எழுப்பி, அது அந்தரத்தில் இருக்கும்போதே அடிப்பார்கள். பெனால்டி கோல்களில் 3-2 என்று கார்க் வென்றது.

மன்ஸ்டரில் மூன்றாம் இடம் பெற்ற டிப்பரரிதான், ஜூலையில் நடந்த அகில அயர்லாந்து இறுதியில் அந்தக் கார்க்கை 3-27, 1-18 என்ற கணக்கில் வீழ்த்தியது.