அம்மாவின் முழங்காலில் கசிந்த நீர்

அம்மாவுக்குத் தஞ்சாவூரில் வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாளே நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கிணறு வரை நடந்தாள். தையல் பிரித்தபோது காயமும் நன்றாகத்தான் இருந்தது.

15-ஆம் நாள் காலையில் கட்டுத் துணியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள் கறை. நாற்றம் இல்லை, காய்ச்சலும் இல்லை. "வேர்வையா இருக்கும்டா, நீ வயலப் பாரு" என்றாள். குறுவை அறுப்புக்கு மெஷின் வரும் நாள் அது. நானும் மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். கறை குறைந்தது. மாத்திரை முடிந்த மறுநாளே திரும்ப வந்தது, முட்டியும் தொட்டால் சுட்டது.

டாக்டருக்குப் போன் செய்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களா?" கிருமி இருந்தாலும் பரிசோதனையில் வளரவிடாமல் அந்த மாத்திரை மறைத்துவிடுமாம். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அன்றே காரில் கிளம்பினோம். ரத்தத்தில் சிஆர்பி, இஎஸ்ஆர் பார்த்தார்கள்; உடம்பில் அழற்சி இருந்தால் இந்த இரண்டு அளவும் ஏறும். ஆபரேஷன் முடிந்ததும் சிஆர்பி தானாகவே ஏறும், இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிட வேண்டும். அம்மாவுக்குத் தையல் பிரிக்கும்போது 18 இருந்தது, இப்போது 64. அப்புறம் தியேட்டருக்குள் வைத்து மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சிரிஞ்சை வெளிச்சத்தில் காட்டினார் டாக்டர். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் அதில் மிக அதிகம் என்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

மறுநாளே திரும்பத் திறந்து கழுவினார்கள். உலோகத்தின்மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து உள்ளே போகாது, அப்படி ஆகிவிட்டால் மூட்டையே கழற்ற வேண்டி வரும் என்றார். நாள் அதிகம் ஆகாததால் உலோகத்தை அப்படியே விட்டு, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றினார்கள். பல இடங்களில் சதை எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நல்ல வேளையாகக் கிருமி அகப்பட்டது: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அதற்கு ஏற்ற மருந்தை முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் கொடுத்தார்கள். மொத்தம் மூன்று மாதம்.

அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் ஆரம்பித்த அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து அம்மா அழுதே விட்டாள். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் சாப்பிட்டாள். சர்க்கரையும் இருப்பதால், வீட்டில் அளந்து எழுதும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள்.

மாத்திரை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் சிஆர்பி 4. தினமும் விளக்கு வைத்ததும் இரண்டு முழங்காலிலும் கை வைத்து, ஒரே சூடுதானா என்று பார்க்கிறேன்.