கறையும் சொத்தையும்

தர்மபுரியில் பல் மருத்துவராக வேலை பார்க்கத் தொடங்கி 12 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அதிகம் கேட்ட பேச்சு, "எங்க ஊர்த் தண்ணி அப்படிங்க டாக்டரம்மா" என்பதுதான்.

அதில் பொய் இல்லை. இது பாறை பூமி. ஆழமாகப் போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடும் சேர்ந்து வருகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள் உருவாகும்போதே பல் பழுதாகிவிடும். முளைக்கும்போது சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு, அப்புறம் பழுப்பு. இதற்காகவே தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. பெரிய காரியம் அது.

என் ஆதங்கம் வேறு. கறை வேறு, சொத்தை வேறு. கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. செங்கல் பொடி, சாம்பல் என்று தேய்த்துத் தேய்த்து எனாமலே கரைந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சொத்தை அப்படியில்லை. இனிப்பாலும் பல்லில் ஒட்டிக் கிடக்கும் தீனியாலும் வருவது அது. வராமல் தடுக்கலாம், வந்தாலும் ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் பல்லைக் காப்பாற்றலாம். இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாம் தண்ணீரால்தான் என்று ஜனங்கள் கைவிட்டுவிடுகிறார்கள்.

வேலைக்கு வந்த புதிதில், பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, வெயில் வாய்க்குள் விழுகிற மாதிரி பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்தோம். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வந்தான். புதிதாக முளைத்த முன்பல்லில் பழுப்புக் கோடு. டீச்சர் அதைத்தான் காட்டினார். வாய்க்குள் விட்ட என் சின்னக் கண்ணாடி பின்னால் போனபோது, கீழ்க் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளி.

அந்தப் பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைப்பது அது. விழுந்து முளைக்கவில்லையே, அதனால் பால் பல் என்றே வீட்டில் நினைத்துவிடுவார்கள். நிரந்தரப் பல் அது. போனால் மறுபடி முளைக்காது.

"பல் அடைக்க வேண்டும்" என்று சீட்டு எழுதி அவன் கையில் கொடுத்தேன். அதை நாலாக மடித்து டிராயர் பையில் வைத்துக்கொண்டு ஓடினான். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து கன்னம் வீங்கி வந்தான். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை; பாட்டிதான் கூட்டி வந்தார். பல்லில் ஓடு மட்டும்தான் மிச்சம். பிடுங்க வேண்டியதாயிற்று. "பால் பல்லுதானே கண்ணு, விழுந்து முளைக்கும்னு இருந்துட்டேன்" என்றார் பாட்டி. சீட்டா? அவர் பார்க்கவே இல்லை. அன்றைக்கே அடைத்திருந்தால் அரை மணி நேர வேலை. ஏழு வயதுப் பிள்ளை கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு என் கடமை முடிந்தது என்று நினைத்தது என் தப்பு. இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு முகாம்களில் சீட்டோடு நிறுத்துவதில்லை. டீச்சரிடம் வீட்டு நம்பர் வாங்கி, சாயங்காலம் நானே போன் செய்கிறேன். எடுப்பது பெரும்பாலும் பாட்டிகள். கடைவாயில் விரலை விட்டுக் கடைசிப் பல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். "ஆமா கண்ணு, ஒண்ணு இருக்குது" என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள்.

பெரியவர்களிடம் வேறு மாதிரிப் போராட்டம். கிளீன் செய்தால் பல் ஆடும் என்று பயம். பல்லில் படிந்து கல்லாக இறுகிய காரை ஈறை அரித்து ஏற்கெனவே ஆட வைத்த பல்லை அந்தக் காரையே பிடித்து வைத்திருக்கும்; எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. முன்னாலேயே வந்திருந்தால் ஈறு இறங்கியிருக்காது.

போன ஆடியில் அதே பாட்டி, பையனின் தங்கச்சியைக் கூட்டி வந்தார். வலி இல்லை, வீக்கம் இல்லை. "ஆறு முடிஞ்சிருச்சு, அந்தப் பல்லைப் பாரு" என்றார். பாதி முளைத்திருந்தது; மேலே ஈறு இன்னும் மூடியிருந்தது. முழுதாக வந்ததும், சொத்தை விழாமல் பள்ளத்தை மூடும் சீலன்ட் பூசலாம், ஆறு மாதம் கழித்து வாங்க என்றேன்.

"வலிச்சாத்தானே?"

"வலிக்காட்டியும்."

விரல் விட்டு எண்ணினார். "தையிலே களத்து வேலை இருக்கும். மாசியில மயானக் கொள்ளை முடிஞ்ச கையோட வந்துடறேன் கண்ணு."