மடிப்பில் எழுதிய ஒரு வரி

துபாய்க்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது வெயிலோ சாப்பாடோ இல்லை. இந்த ஊரில் அப்போது வீடு தேடி வரும் தபால்காரரே கிடையாது என்பதுதான். 1986இல், தேராவில் நாசர் ஸ்கொயர் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை. கடிதம் எல்லாம் போஸ்ட் பாக்ஸுக்குத்தான் வரும். முதலாளியின் பெட்டி எண்ணைப் போட்டு, மேலே நம் பெயரை எழுதச் சொல்ல வேண்டும். பெட்டிச் சாவி ஆபீஸில் இருந்த மலையாளி அண்ணன் ஒருவரிடம் இருந்தது. அவர் கராமாவில் இருந்த தபால் ஆபீஸுக்குப் போய்த் திரும்பும் நேரம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கடையில் யாராவது சேலை பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். என் கண் வாசலில் இருக்கும்.

எழுதுகிறவள் என் மாமன் மகள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் அவள் கடிதம் அவளுடையது மட்டுமில்லை. மாமா படித்துப் பார்ப்பார், அத்தை ‘நான் கேட்டதாக எழுது’ என்பாள், தம்பி வாட்ச் கேட்டு ஓரத்தில் குறுக்கே எழுதுவான். ‘அன்புள்ள அத்தானுக்கு, இங்கு அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, மாடு கன்று போட்டது வரை வந்து முடிந்துவிடும். ஒரு தடவை, ‘கொல்லை முருங்கை காய்த்துத் தொங்குகிறது, எட்டிப் பறிக்க ஆள் இல்லை’ என்று எழுதியிருந்தாள். மாமாவும் அதைப் படித்திருப்பார். முருங்கைக்காயைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது என்று விட்டிருப்பார்.

தானே உறையாக மடியும் விமானத் தபால் தாளான ஏரோகிராமைப் பிரிக்க ஒரு நிதானம் வேண்டும். நீலத் தாள், மூன்று பக்கமும் ஒட்டியிருக்கும். கோந்து போதாதென்று அவள் சோற்றுப் பருக்கையை வேறு தேய்த்திருப்பாள். அவசரப்பட்டுக் கிழித்தால் ஓரத்து எழுத்து போய்விடும். ஷேவிங் பிளேடை விட்டு மெல்ல அறுப்பேன். எல்லோரும் படித்த பிறகு, ஒட்டுவதற்கு முன்னால், உள்ளே மடங்கும் நாக்கில் பொடி எழுத்தாக ஒரு வரி எழுதிவிடுவாள். முதலில் அதைத்தான் தேடுவேன். அந்த வரிகளை இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு கடிதம் வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். பதில் போய்ச் சேர அதே அளவு. காய்ச்சல் என்று எழுதியிருப்பாள். நான் பதறி எழுதியது அங்கே கிடைக்கும்போது அவள் நடவு வேலையில் இருப்பாள். கேள்வியும் பதிலும் குழம்பிப் போனதால் அப்புறம் கடிதங்களுக்கு எண் போட ஆரம்பித்தோம். ஊருக்குப் போகிறவர் யாராவது அகப்பட்டால் இந்தியத் தபால்தலை ஒட்டிக் கொடுத்தனுப்புவோம். பம்பாயில் இறங்கியதும் பெட்டியில் போட்டுவிடுவார். அது கொஞ்சம் சீக்கிரம் போகும்.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்த செய்தியை ரேடியோவில் கேட்டோம். அறையில் அன்று யாரும் உலை வைக்கவில்லை. ஆனால் ஜனவரியில் கைக்கு வந்த கடிதம் அதற்கு முன்பே எழுதியது: மார்கழிக் கோலம், பூசணிப்பூ, சந்தோஷமாக இருந்தது. படிக்கவே என்னவோபோல் இருந்தது. அதற்கடுத்தது வர ரொம்பவே தாமதமாயிற்று. கலவரம் என்று கேள்விப்பட்டதால் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். கடைசியில் வந்தது: பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, அப்பா மொட்டை போட்டுக்கொண்டார், உங்களுக்கு அங்கே சாப்பாடு கிடைத்ததா?

அந்தக் காலத்தில் கேசட்டில் பேசி அனுப்புவதும் உண்டு. கிராமத்தில் போன் ஏது? யாரோ ஊருக்குக் கொண்டுபோன டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிக் குடும்பமே பேசி அனுப்பியது. முதல் பக்கத்தில் மாமா கனைத்துவிட்டு மேடையில் பேசுவதுபோல் பேசினார். நடுவில் சேவல், பம்புசெட், யாரோ குடத்தைக் கீழே வைக்கும் சத்தம். அறையில் இருந்த மற்றவர்களுக்கு என் மாமாவைத் தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை லீவு நாளில், ‘அந்த பம்புசெட்டைக் கொஞ்சம் போடுப்பா’ என்பார்கள். போடுவேன். முதல் பக்கம் முடிந்ததும் கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். திருப்பிப் போடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.