ஆர்டர் குறைந்த பருவத்தில்: ஒரு பவர் டேபிள்காரரின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 27, 2025, புதன்

விநாயகர் சதுர்த்தி. இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி இன்று நடப்புக்கு வந்துவிட்டது. 7-ஆம் தேதி 25 சதவீதம், இன்று மேலும் 25. திருப்பூரில் எங்களைப் போன்ற பவர் டேபிள்காரர்கள் (மின் தையல் மெஷின் வரிசை வைத்திருப்பவர்கள்) நேரடியாக ஏற்றுமதி செய்வதில்லை. கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். மாலையில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கையில் இருக்கும் லாட்டை முடித்துக் கொடுங்கள், அடுத்த லாட்டுக்குப் பொறுங்கள் என்றார்கள்.

டெய்லர்கள் இதற்குள் கைப்பேசியில் செய்தியைப் பார்த்திருப்பார்கள். நாளை காலை டீ நேரத்துக்குள் நான் அவர்களிடம் பேசியாக வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நான் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். சாயம் போட்ட துணி வராமல் ஊரே தவித்தது. எங்கள் முதலாளி தினமும் காலையில் டேபிள் முன்னால் வந்து நின்று, துணி வருகிறதா இல்லையா என்று சொல்லிவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். துணி வராத நாளிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. எதிர்ச்சாரியில் இருந்த கம்பெனியில் முதலாளி ஆள் கண்ணிலேயே படவில்லை. அங்கே டெய்லர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துபோனார்கள். எங்களிடம் பெரும்பாலானவர்கள் நின்றார்கள். ஒரு தொழிலை நடத்துவது எப்படி என்று நான் கற்றதில் பெரும்பங்கு அந்த மாதங்களில் கற்றதுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பேசிவிட்டேன். கையில் இருக்கும் வேலை செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை வரும், அதற்குப் பிறகு என்ன என்பது இன்று யாருக்கும் தெரியாது, தெரிந்த அன்றே சொல்வேன், இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்லாமல் யாரையும் நிறுத்த மாட்டேன் என்றேன். எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லவில்லை. என் கையில் இல்லாத ஒன்றுக்கு நான் எப்படி வாக்குக் கொடுப்பது?

"போனஸ் என்ன ஆகும் அண்ணா?" என்று ஓவர்லாக் டெய்லர் ஒருவர் கேட்டார். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அது உறுதி, அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஆயுத பூஜையன்று சொல்கிறேன் என்றேன். கைமடி (டெய்லருக்கு உதவியாள்) வேலை பார்க்கும் பெரியம்மா போகும்போது, "முன்னாடியே சொன்னது நல்லது தம்பி. புதுச் சீட்டு ஒன்றில் சேர இருந்தேன், சேரவில்லை" என்றார். கெட்ட செய்தியை ஆறப்போடும் முதலாளிகள் இதை யோசிப்பதே இல்லை. நமக்குக் கணக்கு இருப்பது போலவே அவர்களுக்கும் வீட்டுக் கணக்கு இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

வேலையைக் குறைப்பதா, ஆளைக் குறைப்பதா என்ற கேள்வி. எல்லோருக்கும் ஒரே அளவாக ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்கிவிட்டால் தீர்ந்தது என்று நானும் சூப்பர்வைசர் அக்காவும் பேசி வைத்திருந்தோம். முடிவு செய்யும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடலாம் என்றார் அக்கா. கேட்டது நல்லதாகப் போயிற்று.

அவிநாசிப் பக்கமிருந்து வேனில் வரும் பெண்களில் பலருக்கு ஒரு ஷிப்ட் போதுமாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு இருக்கலாம் என்கிறார்கள். ஒடிசா, பீகார் பையன்களுக்கு அந்த அரை ஷிப்ட் கூலிதான் ஊருக்கு அனுப்பும் பணம். அறை வாடகையும் சாப்பாடும் ஒரு ஷிப்ட் கூலியில் பெருமளவு போய்விடுகிறது. இதைத் தமிழும் இந்தியும் கலந்து எனக்குப் புரியவைக்க பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கும் மெஷின்) ஓட்டும் ஒரு பையன், தான் வீட்டுக்கு அனுப்பும் தொகையைக் கைப்பேசியில் திறந்து காட்டினான். யார் முதலாளியிடம் அப்படிக் காட்டுவார்கள்? எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆகவே ஊர்ப் பெண்களில் விரும்பியவர்களுக்கு ஒரு ஷிப்ட், வெளிமாநிலப் பையன்களுக்கு முடிந்தவரை ஒன்றரை. எல்லோருக்கும் குறைத்தால் மிச்சமாகும் அளவுக்குச் செலவு குறையாது, பரவாயில்லை. எல்லோரையும் ஒன்றாக நடத்துவதுதான் நியாயம் என்று நினைப்பவர்கள் டேபிளில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

திருப்பூரின் பனியன் மொத்தச் சந்தையான காதர்பேட்டையில் வியாபாரி ஒருவரிடமிருந்து உள்நாட்டு வேலை கிடைத்தது. சிறுவர் டி-ஷர்ட். பீஸ் ரேட் (ஒரு உருப்படிக்கான கூலி) குறைவு, ஆனால் டேபிள் ஓடும். பணம் "மெதுவாகத் தருகிறேன்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006 சட்டம். அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், தரும் ஆண்டு வரை அந்தத் தொகையை வேலை வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்திருக்கிறேன் என்று காட்டினேன். 45 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முகம் கோணவில்லை.

வசூல் கணக்கை ஆடிட்டர் வேலை என்று ஒதுக்கும் சிறு முதலாளிகளை நிறையப் பார்க்கிறேன். சனிக்கிழமை கூலி தவறாமல் போக வேண்டுமென்றால் இந்தப் பேச்சை முதலாளிதான் பேச வேண்டும். இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

செப்டம்பர் 20, சனி

இன்று செக்கிங் டேபிளில் இருக்கும் பெண் ஒரு வரிசையையே நிறுத்தினாள். தோள்பட்டைத் தையலை இரு கட்டைவிரலாலும் இழுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். தையலை ஒட்டி ஊசிமுனை அளவில் வரிசையாக ஓட்டை. முனை மழுங்கிய ஊசி பனியன் துணியின் நூலை விலக்காமல் அறுத்துவிடும். அப்போது கண்ணுக்குத் தெரியாது, துவைத்தால் பெரிதாகும். சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நேராக அந்த மெஷினுக்குப் போய் ஊசியை மாற்றச் சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை, கேட்கவும் இல்லை. போன வாரம்தான் அந்த அதிகாரத்தை அவளுக்கு எல்லோர் முன்னாலும் கொடுத்தேன். நிறுத்திய நேரத்துக்கு டெய்லர்களின் பீஸ் கணக்கில் குறையாது என்றும் அறிவித்தேன். அது இல்லாவிட்டால் அவள் ஊசி மாற்றும் ஒவ்வொரு முறையும் சண்டைதான்.

நம் கொங்குப் பகுதியில் முதலாளிகள் பலர் மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவர்கள். அது பெரிய பலம். ஆனால் பல்லடத்தில் தறி ஓட்டும் என் மைத்துனர் மகன் இன்னும் நூல் அறுந்தால் தானே ஓடிப்போய்க் கட்டுகிறான். தறிக்காரர் கை கட்டி நிற்கிறார். "மாப்பிள்ளை, அவர் கட்டட்டும். நீ நூல் கடைக்காரரிடம் விலை பேசு" என்று போனில் சொன்னேன். சரி மாமா என்றான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம். பொரி, சுண்டல் கொடுத்தபின் இரண்டு மாத வரவுசெலவை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். போன ஆண்டு கொடுத்த போனஸ் 12 சதவீதம், இந்த ஆண்டு 10 என்றேன். முணுமுணுப்பு இருந்தது. மூத்த டெய்லர் ஒருவர் எழுந்து அட்டையில் மின்கட்டண வரியைக் காட்டி, ஜெனரேட்டர் டீசல் இதில் சேருமா என்று கேட்டார். தனியாக எழுதியிருப்பதைக் காட்டினேன். இந்தக் கேள்விகள் வரட்டும் என்றுதான் ஒட்டினேன்.

அக்டோபர் 16, வியாழன்

போனஸ் பட்டுவாடா முடிந்தது. தீபாவளி திங்கட்கிழமை. ஊர் ஆட்களோடு 27-ஆம் தேதி திறக்கிறோம். பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜை 28 காலையில்தான் முடிகிறது என்பதால் பீகார் பையன்கள் அதற்குப் பிறகுதான் ஊரிலிருந்து திரும்ப ரயில் ஏறுவார்கள். அதுவரை பேட்லாக்கில் இரண்டு மெஷின் சும்மா நிற்கும். அக்காவிடம் சொல்லி ஊர்ப் பெண்கள் இருவருக்குப் பேட்லாக் பழக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். நவம்பர் முதல் வார வேலைக்குக் காதர்பேட்டைக்காரரிடம் நாளை பேச வேண்டும்.