பெரியம்மாவின் முதல் வகுப்பு: மாசி மாதக் குறிப்புகள்

மாசி 1

பெரியம்மா லண்டன் போக டிக்கட் வந்துவிட்டது. கட்டுநாயக்கா–துபாய், துபாய்–ஹீத்ரோ, இரண்டும் எமிரேட்ஸ், இரண்டிலும் முதல் வகுப்பு. 23ஆம் திகதி காலைப் பிளேன்.

டிக்கட் கைக்கு வந்ததும் பார்க்கவேண்டியது எந்தப் பிளேன் என்பதை. ஸ்ரீலங்கனில் முதல் வகுப்பே கிடையாது, பிஸ்னஸோடு சரி. எமிரேட்ஸில் 777-300ஈஆரிலும் ஏ380இலும் இருக்கிறது. ஏ380களிலும் சிலதில் இல்லை. புதிதாக வந்த ஏ350இல் அறவே இல்லை. கடைசி நேரத்தில் பிளேனை மாற்றினால் முதல் வகுப்பு இல்லாத ஒன்றும் வந்து நிற்கலாம். அப்போது பிஸ்னஸில் இருத்திவிட்டு வித்தியாசக் காசைத் திருப்பித் தருவார்கள். அதை கவுண்டரிலேயே எழுத்தில் வாங்கவேணும், பிறகு கேட்டால் இழுபடும்.

ஆசன வரைபடத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்கவேணும். இன்று துபாய்வரை போகிற 777இல் முதல் வகுப்பில் எட்டு ஆசனம் காட்டுகிறது. நல்லது.

மாசி 3

ஆசனம் தெரிவு செய்தாயிற்று. தனியாகப் போகிறவருக்கு ஏ அல்லது கே, யன்னல் ஓரம். நடுவில் இருக்கிற ஈ, எஃப் சோடியாகப் போகிறவர்களுக்கு. இடையில் தடுப்பு ஏறும் என்றாலும் தெரியாத ஆள் பக்கத்தில் இருப்பதைப் பெரியம்மா விரும்பமாட்டா.

ஹீத்ரோ போகிற ஏ380இல் முதல் வகுப்பு மேல்தட்டில், மூக்குப் பக்கம். அங்கே 14 பேர்தான். முதல் வரிசைக்கு முன்னால்தான் குளிக்கிற சவர் அறைகளும் படிக்கட்டும். ஆட்கள் போய்வருகிற சத்தம், கதவு திறக்கிற வெளிச்சம் எல்லாம் அந்த வரிசைக்குத்தான். படுத்துப் போகவென்றே காசு கட்டியிருக்கிறது. அதனால் ஒரு வரிசை பின்னுக்கு எடுத்தேன்.

மாசி 4

மழை விடவில்லை. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா போகிற வழியில், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பின்னேரமே ஆனை ரோட்டுக்கு வருகிறதாம்.

மாசி 6

பெரியம்மா பெல் அடிக்கமாட்டா. நித்திரை வராமல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இக்கொனமியில் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. தள்ளுவண்டி வரும், தட்டு வரும், எடுத்துக்கொண்டு போவார்கள். முதல் வகுப்பில் தள்ளுவண்டியும் இல்லை, சாப்பாட்டு நேரமும் இல்லை. மெனுவைத் தருவார்கள், பசிக்கும்போது சொல்லவேணும். கட்டிலை அவர்களாக விரிக்கமாட்டார்கள், சொன்னால்தான் மெத்தை போட்டு விரிப்பார்கள். இரண்டாவது போர்வை, சுடுதண்ணி, தலையணை, எல்லாமே சொன்னால்தான். ஆசனம் ஒவ்வொன்றும் கதவு வைத்த சிற்றறை. கதவை இழுத்துச் சாத்திவிட்டால் நித்திரை என்று நினைத்து ஒருவரும் தட்டமாட்டார்கள். மரியாதைக்காகத்தான் தட்டுவதில்லை. ஆனால் கேட்கத் தெரியாத ஆள் ஏழரை மணித்தியாலம் பசியோடு, நிமிர்ந்த ஆசனத்தில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம்.

சொன்னேன். "ஏன் பிள்ளை, அதுகளும் ஆரோ பெத்த பிள்ளையள்தானே, நான் இருந்துகொண்டு ஏவுறதோ?" என்று கேட்டா.

சின்னண்ணாவுக்கு இது விளங்காது. டிக்கட்டை எடுத்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறார்.

மாசி 7

கார்ட் எழுதத் தொடங்கினேன். கலண்டர் மட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலிஷ், இரண்டும் பெரிய எழுத்தில்.

சீனி போடாத பிளேன்டீ.
கட்டிலை விரித்துவிடுங்கோ.
இன்னொரு போர்வை வேணும்.
இறங்க ஒன்றரை மணித்தியாலம் முன்னம் எழுப்புங்கோ.
மூட்டு வருத்தம், படி ஏறமாட்டேன்.

மூலையில் ஓட்டை போட்டு நூலில் கோத்தாயிற்று. வாயால் கேட்க வெட்கப்படுகிறவ கார்ட்டை நீட்டுவா என்று நம்புகிறேன். கொழும்பிலிருந்து போகிற பிளேனில் தமிழ் தெரிந்த பணியாளர் இருக்கலாம், ஹீத்ரோ பிளேனில் அதை நம்பமுடியாது.

எழுப்பச் சொல்கிற கார்ட்தான் முக்கியம். இறங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்னமே பிளேன் பதியத் தொடங்கிவிடும். அந்த நேரம் நித்திரையில் இருந்தால் எச்சில் விழுங்குவது குறையும், காது அடைத்து வலிக்கும். எழும்பி, முகம் கழுவி, சேலை கட்டி, ஒரு மிடறு தண்ணி குடித்தபடி இருந்தால் பிரச்சினை இல்லை. ஆசனத்தையும் அதற்குள் நிமிர்த்தவேணும். ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டில் மடிந்திருக்கவேணும், சிற்றறைக் கதவு திறந்தபடி கொளுவியிருக்கவேணும். முதல் வகுப்புக்கும் அதே சட்டம்தான்.

மாசி 9

எட்டு ஆசனம். மாறவில்லை.

மாசி 10

சாப்பாடு. பெரியம்மாவுக்கு முட்டையும் ஆகாது, நீரிழிவும் இருக்கு. ஒரு பயணிக்கு ஒரு விசேட சாப்பாட்டுக் குறியீடுதான் பதியலாம். நீரிழிவுக்கு டீபீஎம்எல் என்று போட்டால் கோழியோ மீனோ வரலாம். ஏவிஎம்எல் போட்டால் இந்திய முறைச் சைவம், மச்சமும் முட்டையும் இல்லை, பாலும் தயிரும் இருக்கும். ஏவிஎம்எல் போட்டு, இனிப்பைத் தொடாமல் விடுவதே வழி. பிளேன் வெளிக்கிடுவதற்கு 24 மணித்தியாலத்துக்கு முன்னம் பதிந்திருக்கவேணும், பயணத்தின் இரண்டு துண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேணும். முதலாவதில் பதிந்து இரண்டாவதில் விடுபடுவது அடிக்கடி நடக்கிறது.

முதல் வகுப்பு மெனுவில் சைவம் இருக்கத்தானே, ஏன் பதிவான் என்று கேட்பார்கள். இருக்கும்தான், ஆனால் அது மேல்நாட்டுச் சைவம், பாஸ்தா மாதிரி. முட்டை சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேணும். கேட்பது யார்?

ஆரம்பத்தில் கவியார் வரும். சின்னக் கரண்டியும் கறுப்பு மணிகளுமாக. அது மீன் முட்டை என்று சொல்லிவைத்தேன்.

ருசி குறைவாக இருக்கும். பிளேனுக்குள் காற்றழுத்தம் 6,000–8,000 அடி மலையில் இருப்பது போல, ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு காயும், உப்பும் இனிப்பும் நாக்கில் உறைக்காது. தண்ணியும் 92 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் தேயிலை கூட நேரம் ஊறவேணும். புளிப்பும் காரமும் எடுபடும். தேசிக்காய் ஊறுகாய் ஒரு சின்னப் பக்கெட் போதும், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்குள்.

மாசி 12

இன்சுலின் கைப்பையில். பெட்டியில் போட்டால் கீழே உறையலாம், உறைந்த இன்சுலின் பிறகு கரைந்தாலும் வேலைக்கு ஆகாது. பாவனையில் இருக்கிற பேனைக்கு குளிர்சாதனப்பெட்டி தேவையில்லை, பிளேன்காரரிடம் கொடுத்துவைக்கவும் வேண்டாம். ஊசிக்கும் மருந்துக்கும் டொக்டரின் கடிதம், இங்கிலிஷில், மருந்தின் பெயரோடு. சோதனை மேசையில் கேட்கும் முன்னமே எடுத்து வைக்கவேணும்.

லண்டன் மாசியில் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு. மேற்கே போகப்போக நாள் நீளும், இரண்டு ஊசிக்கு இடைப்பட்ட நேரமும் நீளும். எந்த ஊசி எப்போது என்பதை டொக்டர்தான் எழுதித் தரவேணும். கைக்கடிகாரத்தை லண்டன் போய்ச் சேரும்வரை ஊர் நேரத்திலேயே விடச்சொன்னேன்.

கால் வீக்கம். கட்டிலில் படுத்துப் போனால் காலில் இரத்தம் உறையாது என்று சிலர் நினைக்கிறார்கள். அசையாமல் கிடந்தால் படுத்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான். முழங்கால்வரை இறுக்கமான காலுறையைக் காலையில் வீட்டிலேயே போடவேணும், வீங்கின பிறகு ஏறாது. ஏ380 மேல்தட்டின் பின்பக்கம் ஒரு பார் இருக்கு. குடிக்காதவர்களும் போய் யூஸ் வாங்கி நிற்கலாம். முன்னிருந்து அதுவரை மெதுவாக ஒருதரம் போய்வந்தால் கணுக்காலுக்கு நல்லது. பார் என்ற சொல்லைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. பின்னுக்கு நடந்து போய் யூஸ் கேளுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

மாசி 13

முதல் வகுப்புக்கு 50 கிலோ. ஒரு பெட்டி 32க்கு மேல் போகக்கூடாது, அதைத் தூக்குகிற ஆளின் முதுகுக்காக. 25, 25 என்று இரண்டாகப் பிரித்தாயிற்று. கைக்கு இரண்டு பை, ஒவ்வொன்றும் 7 கிலோ. பவர் பாங்க் ஒன்றுதான் கொண்டுபோகலாம், 100 வாட்-அவருக்குக் குறைவாக. 2025 ஒக்டோபர் 1இலிருந்து எமிரேட்ஸில் அதைப் பிளேனுக்குள் பாவிக்கவே கூடாது, தலைக்கு மேலே பை வைக்கிற தட்டில் வைக்கவும் கூடாது. ஆசனத்திலேயே போன் சார்ஜ் போட இடம் இருக்கு, வீட்டில் விட்டுவிடலாம்.

பால்கோவா போகாது. பிரித்தானியாவுக்குள் எங்கள் பக்கத்துப் பால், இறைச்சிச் சாமான் தடை. எள்ளுருண்டை போகும்.

உடுப்பு: பருத்திச் சேலையில் ஏறலாம். பைஜாமா தந்தாலும் பெரியம்மா போடமாட்டா. ஹவுஸ்கோட் ஒன்று கைப்பையின் மேலாக வைத்தேன். சேலையை மாட்டச் சிற்றறையிலேயே சின்ன அலுமாரி இருக்கு. போர்வைக்கு மேலே பெல்ட் தெரியக் கட்டவேணும், குலுக்கல் வந்தால் பெல்ட்டைப் பார்க்கப் போர்வையை விலக்கி எழுப்பாமல் விடுவார்கள். மற்றது, மலசலகூடத்தில் கடதாசிதான். வெறும் போத்தல் ஒன்று கைப்பையில் வைத்தால் சோதனையில் மறிக்கமாட்டார்கள், உள்ளே போய் நிரப்பலாம்.

மாசி 15

சிவராத்திரி. கோணேசர் கோயில் ஏற்றம் முழுக்கச் சனம். பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டா.

மாசி 16

வீல்சேர் குறியீடு பிழை. டிக்கட் போட்ட இடத்தில் டபிள்யூசிஎச்ஆர் என்று பதிந்திருக்கிறார்கள். கடைசி எழுத்து ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவா என்று அர்த்தம். எஸ் என்றால் படியும் ஏறமாட்டா, உள்ளே ஆசனம்வரை நடப்பா. சி என்றால் ஆசனம்வரை தூக்கிக் கொண்டுபோகவேணும். பெரியம்மாவுக்கு எஸ்.

பிளேன் பாலத்தோடு நின்றால் மூன்றும் ஒன்றுதான். தூரத்தில் நிறுத்தி பஸ்ஸில் இறக்கினால் அந்த ஒரு எழுத்து எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எஸ் என்றால் தூக்கி லொறி வரும். ஆர் என்றால் படியைக் காட்டுவார்கள். முதல் வகுப்பு டிக்கட் வைத்திருப்பதால் படி குறையாது.

போன் எடுத்தேன். மாற்றுகிறோம் என்றார்கள்.

மாசி 17

மாற்றவில்லை. திரும்ப எடுத்தேன்.

மாசி 18

துபாய். டெர்மினல் 3இல் ஏ பிரிவு 2013இல் ஏ380களுக்கென்றே திறந்தது. அங்கே ஒரு முழுத் தளமே முதல் வகுப்பு லவுஞ்ச். மேசையில் இருத்திச் சாப்பாடு பரிமாறுவார்கள், படுக்கவும் இடம் உண்டு, அங்கிருந்தே லிஃப்டில் பிளேனுக்கு இறங்கலாம். கொழும்புப் பிளேன் வேறு பிரிவில் இறக்கினால் இடையில் ரயில்.

இதில் நடக்கிற பிழை ஒன்று இருக்கு. வீல்சேரில் வருகிறவர்களை உதவிப் பயணிகள் எல்லாரையும் இருத்துகிற இடத்தில் நிறுத்திவிட்டு, தள்ளுகிறவர் அடுத்த ஆளை எடுக்கப் போய்விடுவார். சொல்லாவிட்டால் மூன்று மணித்தியாலமும் அங்கேயேதான். முதல் வகுப்பு லவுஞ்சுக்குக் கொண்டுபோங்கோ என்று ஒரு கார்ட் புதிதாக எழுதினேன், போடிங் பாஸை அதோடு கிளிப் போட்டுக் காட்டச் சொன்னேன். லவுஞ்சில் ஒலிபெருக்கி அறிவிப்பை நம்பி இருக்கக்கூடாது. வாசல் 20 நிமிடம் முன்னமே பூட்டிவிடும். எத்தனை மணிக்கு வந்து கூட்டிப்போகவேணும் என்று வரவேற்பு மேசையில் சொல்லிவைக்கவேணும்.

திரும்பவும் சொல்லவேணும், கேட்கவேணும். எல்லாம் பெரியம்மாவின் வாயில்தான் வந்து நிற்கிறது.

மாசி 19

சவர். முதல் வகுப்புக்கு இரண்டு அறை, ஆளுக்கு அரை மணித்தியாலம், அதில் தண்ணி ஓடுவது 5 நிமிடம். தண்ணியை நிறுத்தி நிறுத்திப் பாவிக்கலாம், எவ்வளவு மிச்சம் என்று விளக்கு காட்டும். ஏறி இருந்தவுடனேயே நேரம் சொல்லிவைக்கவேணும், இறங்குவதற்கு முந்தின இரண்டு மணித்தியாலம்தான் எல்லாருக்கும் வேணும். பெரியம்மாவின் முழங்காலோடு, ஈரத் தரையில், குலுங்குகிற பிளேனில் வேண்டாம் என்பதே என் எண்ணம். அறையைப் பாவிக்கலாம், கைச் சவர் இருக்கு, இடம் தாராளம், உட்கார்ந்து சேலை மாற்றலாம்.

இதைச் சொன்னபோதுதான் முதல்முறையாக முகம் மலர்ந்தா. "மேலயும் குளிக்கலாமோ?"

மாசி 20

எட்டு ஆசனம். குறியீடு இன்னும் ஆர்.

வான்காரரோடு கதைத்தாயிற்று. நாளன்று வெளிக்கிட்டால் காலைப் பிளேனுக்கு இரவிரவாக ஓடவேணும். ஆனை ரோட்டில் அது வேண்டாம். முதல் நாள் பகலிலேயே கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி நீர்கொழும்பில் தங்கல். ஆறு மணித்தியாலம், இறங்கி நடக்க இரண்டு இடம் சேர்த்தால் ஏழு.

டிப்ஸ் கொடுக்கத் தேவையில்லை என்று சொன்னேன். பணியாளர் எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள். பெரியம்மா ஏற்கெனவே எள்ளுருண்டையைத் தனிப் பொதியாகக் கட்டிவிட்டா, "அந்தப் பிள்ளையளுக்கு". தடுக்கவில்லை. கையில் கொடுக்க ஒன்று இருந்தால் கேட்க வாய் வரலாம்.

மாசி 21

கார்ட் நூலைக் கழுத்தில் போட்டுப் பார்த்தோம். நான் பணிப்பெண்ணாக நின்றேன். முதலாவதை நீட்டமுன்னம் "சாப்பிட்டாச்சோ மோனை?" என்று என்னைக் கேட்டா. மூன்றாம் தரம் பிளேன்டீ கார்ட்டை ஒழுங்காக நீட்டினா. பெல் பொத்தானுக்கு ரிமோட்டை வைத்துப் பழக்கினேன்: ஆள் உருவம் போட்ட பொத்தான், ஒருதரம் அமத்தினால் போதும், விளக்கு எரியும், திரும்ப அமத்தினால் அணைந்துவிடும்.

சாமம்வரை போனில் நின்றேன். வெளிக்கிடுவதற்கு முந்தின 48 மணித்தியாலத்துக்குள் மாற்றம் கேட்டால் கட்டுநாயக்கா கவுண்டரில்தான் சொல்லவேண்டிவருமாம்.

மாசி 22, காலை

எஸ் என்று மாறி வந்திருக்கிறது, முதல் துண்டுக்கு மட்டும். துபாய்–ஹீத்ரோ இன்னும் ஆர். பிரிண்ட் கடை எட்டரைக்குத்தான் திறக்கும், வான் எட்டுக்கு